சேறு கேட்டைத் தாண்டக் கூடாது: வடசென்னைக் கட்டட சைட்டுகளில் மழைநீரைக் கையாளும் முறை

ஒரு யூனிட் மண் என்பது 100 கன அடி. தெருவோர மழைநீர் வடிகாலின் அகலம் 2 அடி என்று வையுங்கள். அந்த ஒரு யூனிட்டும் மழையில் கரைந்து வடிகாலுக்குள் போய்ப் படிந்தால், 100 அடி நீளத்துக்கு அரை அடி உயரம் மேடு கட்டிவிடும். சைட் வாசலில் தார்ப்பாய் போடாமல் கிடக்கும் எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) குவியல் பெரும்பாலும் ஒரு யூனிட்டுக்கு மேல்தான் இருக்கும்.

வடசென்னையில் இந்தக் கணக்குக்குக் கூடுதல் கனம் உண்டு. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் எல்லாமே கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கும் தட்டையான நிலம். வடிகாலில் படிந்த மணலைத் தண்ணீரே அடித்துக்கொண்டு போக வேண்டுமென்றால் நொடிக்கு 60 செ.மீ. வேகமாவது வேண்டும். இங்கே உள்ள சரிவுக்கு அந்த வேகம் வருவது அரிது. கடலில் அலை ஏறும் நேரத்தில் கால்வாய் நீரும் வெளியேறாமல் தேங்கும். அதனால் உங்கள் சைட்டிலிருந்து போகும் மணல் எங்கோ தொலைவுக்குப் போவதில்லை, அதே தெருவில்தான் படிகிறது. அடுத்த மழையில் முழங்கால் தண்ணீரில் நிற்பது பக்கத்து வீட்டுக்காரர்கள். கரைந்தே போகும் நுண்ணிய களிமண்ணும் சிமென்ட் தண்ணீரும் எண்ணெயும் ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போகும். அங்கே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

புதிதாக சைட் இன்ஜினியராகவோ சூப்பர்வைசராகவோ வந்திருப்பவர்களுக்கும், சொந்தமாக ஒன்றிரண்டு கிரவுண்டில் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) கட்டடம் எழுப்புகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. இதில் உள்ள எதற்கும் பெரிய இயந்திரம் தேவையில்லை. கடைக்கால் தோண்டும் முன்பே தொடங்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

தண்ணீர் எங்கே ஓடும் என்று கண்டுபிடியுங்கள்

மேஸ்திரியிடம் இருக்கும் ட்யூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் போதும். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, மனையின் நான்கு மூலை, நடுப்பகுதி, கேட், சாலை ஓரம், வடிகாலின் மேல்மூடி ஆகிய இடங்களின் மட்டத்தைக் குறியுங்கள். 5 செ.மீ. வித்தியாசம்கூட இங்கே முக்கியம். ஒரு தாளில் மனையை வரைந்து அம்புக்குறி போட்டால், தாழ்ந்த மூலை எது, தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்பது தெரிந்துவிடும். அதே தாளில் தெருவிலுள்ள மழைநீர் வடிகால் வாய்களையும் மெட்ரோ வாட்டர் கழிவுநீர் மேன்ஹோல்களையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டும் வேறு வேறு. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கால்வாய்க்குப் போகிறது. கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. சேற்றுத் தண்ணீரைக் கழிவுநீர் மேன்ஹோலில் விட்டால் அந்தக் குழாய் அடைத்து வீடுகளுக்குள் கழிவுநீர் எதிர்த்து ஏறும். ஆகவே அதுவும் வழியல்ல.

காம்பவுண்டு சுவரில் பக்கத்து மனைப் பக்கம் திறக்கும் துளைகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல சைட்டுகளில் கேட்டை மட்டும் காவல் காத்துவிட்டு, பின்பக்கத் துளை வழியாகச் சேறு அடுத்தவர் கிணற்றடிக்குப் போவதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது மண். ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சைட் மண்ணைப் போட்டு, மீதியைத் தண்ணீரால் நிரப்பி, 2 நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். அந்த உயரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். 2 மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், அங்கே இன்னொரு கோடு. மறுநாள் காலையிலும் தண்ணீர் டீ நிறத்தில் கலங்கியே இருந்தால் அது களிமண். இந்த ஒரு பாட்டில் உங்கள் சைட்டின் முழுத் திட்டத்தையும் தீர்மானிக்கும். காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரைப் பட்டையில் பெரும்பாலும் மணல் வரும். பெரம்பூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கம் போனால் களிமண் கூடும். மேலே கொட்டிய இடிபாட்டு மண்ணை மட்டும் எடுத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். அரை மீட்டர், ஒன்றரை மீட்டர், கடைக்கால் அடிமட்டம் என மூன்று ஆழத்திலிருந்து எடுங்கள்.

ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 0.1 மி.மீ. மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க சுமார் 2 நிமிடம் போதும். 0.02 மி.மீ. வண்டலுக்கு 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 0.002 மி.மீ. களிமண்ணுக்கு இரண்டரை மூன்று நாள். மணல் சைட்டில் ஒரு தொட்டி கட்டினால் வேலை முடிந்தது. களிமண் சைட்டில் தொட்டி மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

மண் கிளம்பாமல் தடுப்பதே பெரிய வேலை

கலங்கிய தண்ணீரைத் தெளிவிப்பது கஷ்டம், கலங்காமல் பார்த்துக்கொள்வது சுலபம். ஜேசிபி வந்துவிட்டது என்பதற்காக மனை முழுவதையும் ஒரே நாளில் புரட்டிப் போட வேண்டாம். இந்த வாரம் வேலை நடக்கும் பகுதியை மட்டும் திறங்கள். புல்லும் செடியும் இருக்கும் ஓரங்களை ஒன்று, ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு அப்படியே விடுங்கள். தனியாகச் செலவில்லாத வடிகட்டி அது.

பெரிய மண் வேலைகளைச் செப்டம்பர் முடிவதற்குள் முடிக்கப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும், சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் வரும் இடிமழையையும் மறந்துவிடாதீர்கள். அரை மணி நேரம் பெய்தாலும் வேகமாக அடிக்கும், திறந்து கிடக்கும் மண்ணை அப்படியே வாரிக்கொண்டு போகும்.

தோண்டிய மண், எம்-சாண்ட், செங்கல் தூள் எதுவாக இருந்தாலும் குவியல் மனைக்குள், உயரமான பக்கத்தில் இருக்கட்டும். உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டாம். மேலே தார்ப்பாய் போட்டு, அதன் ஓரங்களை ஜல்லி மூட்டையால் அழுத்துங்கள். செங்கல்லை மேலே தூக்கி வைத்தால் முதல் காற்றிலேயே தார்ப்பாய் கிழியும். குவியலைச் சுற்றி அடியில் ஒரு வரிசை மூட்டை. இடமில்லை என்று சாலையில் கொட்டுவதுதான் ஊரில் பழகிப்போன வழக்கம், மாற்ற வேண்டிய முதல் வழக்கமும் அதுவே. இடம் குறைவென்றால் லோடைச் சின்னதாக, அடிக்கடி வரவழையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் வேலை நடக்காத வெற்று மண்ணின் மேல் வைக்கோல் பரப்பலாம். சதுர மீட்டருக்கு சுமார் அரை கிலோ, ஒரு கிரவுண்டுக்கு 100 கிலோவுக்குச் சற்று மேல். சரிவான இடத்தில் வைக்கோல் மிதந்து போய்விடும், அங்கே தென்னை நார் விரிப்பை மரமுளை அடித்துப் பொருத்துங்கள்.

எல்லைத் தடுப்பு

தாழ்ந்த பக்கத்தில் வண்டல் வேலி. மனையைச் சுற்றிலும் தேவையில்லை. பொருள் எளியது: தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் 90 செ.மீ. அகல ஜியோ டெக்ஸ்டைல் துணி, 4 அடி நீள சவுக்குக் கட்டை, கட்டுக்கம்பி. பச்சை நிற நிழல்வலையைக் கட்டிவிட்டு இதுவே போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதன் கண்கள் பெரியவை, களிமண்ணை விடுங்கள், மணலைக்கூட நிறுத்தாது.

15 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழத்தில் நீளமாகப் பள்ளம் எடுங்கள். கட்டைகளை 1.8 மீட்டர் இடைவெளியில், பள்ளத்தின் வெளிப்பக்கத்தில் 45 செ.மீ. ஆழம் இறக்குங்கள். துணியைக் கட்டையின் உள்பக்கம் கட்டுங்கள், தண்ணீர் தள்ளும்போது துணி கட்டையில் சாய்ந்து நிற்கும். துணியின் கீழ் 30 செ.மீ. பள்ளத்துக்குள் இறங்கி, அடியில் மடிந்து கிடக்க வேண்டும். மேலே மண் போட்டு நன்றாகத் திமிசு போடுங்கள். வேலி தோற்கும் இடங்களில் பெரும்பாலானவை இங்கேதான். துணியின் அடியைப் புதைக்காமல் ஒரு செங்கல் வைத்துவிட்டுப் போனால், தண்ணீர் அடியில் நுழைந்து வெளியேறும், வேலி அழகாக நிற்கும், சேறு தெருவில் இருக்கும்.

இரண்டு துணி சேரும் இடத்தில் இரு முனைகளையும் ஒரே கட்டையில் சுற்றிக் கட்டுங்கள். வேலியின் இரு கோடிகளையும் மேட்டுப் பக்கம் வளைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஓரம் சுற்றிப் போகும். 1,000 சதுர மீட்டர், அதாவது சுமார் நாலரை கிரவுண்டு பரப்பின் தண்ணீருக்கு 30 மீட்டர் வேலியாவது வேண்டும். ஓடையாகப் பாயும் இடத்தில் வேலி நிற்காது, அங்கே தொட்டிதான். வேலியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மண் சேர்ந்ததும் வாரி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய செங்கல் காம்பவுண்டு சுவரையே அணையாக்கி அதன் பின்னால் தண்ணீரைத் தேக்காதீர்கள். ஊறிய மண்ணும் தண்ணீரும் சேர்ந்து தள்ளினால் சுவர் சாயும். அதை ஒட்டித் தொழிலாளர் குடிசை இருந்தால் விளைவை நினைத்துப் பாருங்கள். சுவருக்கு ஒரு மீட்டர் உள்ளேயே வாய்க்கால் எடுத்துத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

கேட்

டிப்பர் லாரியின் சக்கரம் ஒரு நாளில் தெருவுக்குக் கொண்டுபோகும் சேறு, மழை கொண்டுபோவதற்குச் சளைத்ததல்ல. கேட்டிலிருந்து உள்ளே 15 மீட்டர் நீளத்துக்கு, அடியில் ஜியோ டெக்ஸ்டைல் விரித்து, 50 முதல் 75 மி.மீ. கருங்கல் ஜல்லியை 15 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். 20 மி.மீ. ஜல்லி வேண்டாம், இரட்டைச் சக்கரத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு சாலைக்கு வந்துவிடும். அடித்துணி இல்லாமல் போட்டால் களிமண்ணில் ஒரே மாதத்தில் ஜல்லி புதைந்துவிடும்.

ஒற்றை கிரவுண்டு மனையில் 15 மீட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கிடைக்கும் நீளத்துக்குப் போடுங்கள், பற்றாக்குறைக்குக் கேட்டில் ஒரு பிரஷர் பம்பும் ஒரு ஆளும். சக்கரம் கழுவிய தண்ணீர் உள்பக்கம் சாய்ந்து தொட்டிக்குப் போகும்படி மட்டம் இருக்க வேண்டும். தெருவில் விழுந்த மண்ணை அன்றன்றைக்கு உலர்ந்த நிலையிலேயே கூட்டி அள்ளுங்கள். ஹோஸ் பிடித்துத் தெருவைக் கழுவினால் அத்தனையும் வடிகாலுக்குள்தான் போகும்.

படிவுத் தொட்டி

அளவுக்கு ஒரு எளிய கணக்கு: மனையில் விழும் 25 மி.மீ. மழையைப் பிடித்து வைக்கும் கொள்ளளவு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர், அதற்கு 5,600 லிட்டர். பத்து கிரவுண்டு சைட்டுக்கு 56,000 லிட்டர், 10.5 மீட்டர் நீளம், 5.25 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்று எடுத்தால் ஏறத்தாழச் சரியாக வரும். இதற்கு மேல் வண்டல் தங்க 30 செ.மீ. ஆழமும், விளிம்புக்கு 30 செ.மீ. உயரமும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். நுழைவாயும் வெளிவாயும் எதிரெதிர்க் கோடியில் இருக்க வேண்டும். இரண்டும் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் குறுக்கே ஓடி உடனே வெளியேறும், தொட்டியின் முக்கால் பகுதி சும்மா கிடக்கும்.

வெளியேறும் தண்ணீரை மேல்மட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு காலி கேனை மிதவையாகக் கட்டி, அதனடியில் ஹோஸ் வாயைத் தொங்கவிடுவது எல்லா சைட்டிலும் செய்யக்கூடியது. கூடவே, தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள். ஓரிடத்தில் விளிம்பை 15 செ.மீ. தாழ்த்தி, துணி விரித்து, பெருங்கல் பரப்பிய வழிவாய் வையுங்கள். நாளொன்றுக்கு 204.4 மி.மீ.க்கு மேல் பெய்வதை வானிலைத் துறை அதி கனமழை என்கிறது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. 25 மி.மீ. கணக்கில் கட்டிய தொட்டி அந்த நாளில் வழியத்தான் செய்யும். கரை உடைந்து படிந்த சேறெல்லாம் ஒரே அடியாகப் போகாமல் தடுப்பது வழிவாயின் வேலை. மற்ற நூறு சாதாரண மழைகளைத் தொட்டி பார்த்துக்கொள்ளும்.

மழை நின்றபின் தெளிந்த நீரை ஐந்து நாளுக்குள் இறைத்துவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். இந்தத் தண்ணீர் கான்கிரீட்டை நனைத்து வைக்கும் கியூரிங்குக்கும் புழுதி அடக்கத் தெளிப்பதற்கும் உதவும்.

குழியிலிருந்து இறைக்கும் தண்ணீர்

கடலோரத்தில் நிலத்தடி நீர் சில அடி ஆழத்திலேயே நிற்கும். பேஸ்மென்ட், லிஃப்ட் குழி, சம்ப் எதைத் தோண்டினாலும் மோட்டார் ஓடியாக வேண்டும். மழையே இல்லாத நாளிலும் வடிகாலைச் சேற்றால் நிரப்புவது இந்த மோட்டார்தான். பெரும்பாலான சைட்டுகளில் ஹோஸின் மறுமுனை நேராக வடிகால் வாய்க்குள் செருகப்பட்டிருக்கும்.

முதலில் உறிஞ்சும் முனையைச் சரிசெய்யுங்கள். 200 லிட்டர் டிரம்மில் சுற்றிலும் துளையிட்டு, துணி சுற்றி, குழியின் ஒரு மூலையில் அரை மீட்டர் ஆழமாக இறக்கி, சுற்றிலும் 20 மி.மீ. ஜல்லி நிரப்புங்கள். பம்ப் டிரம்முக்குள் இருக்கட்டும். சேற்றில் நேராகக் கிடக்கும் பம்ப் சேற்றைத்தான் இறைக்கும். இதனாலேயே பாதிக் கலங்கல் குறையும் இடங்கள் உண்டு, பம்பின் இம்பெல்லரும் நீடித்து உழைக்கும்.

அடுத்து, மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்று அளந்து பாருங்கள். 200 லிட்டர் டிரம் 24 நொடியில் நிறைந்தால் மணிக்கு 30,000 லிட்டர். மணிக்கு 1,000 லிட்டருக்கு ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பு என்பது வண்டல் வரை பிடிக்கப் போதுமான அளவு, ஆகவே இந்த மோட்டாருக்கு 30 சதுர மீட்டர் தொட்டி. இடமில்லையென்றால் சின்ன மோட்டாரை நீண்ட நேரம் ஓட்டுங்கள். மூன்று பிளாஸ்டிக் டேங்குகளை வரிசையாக இணைத்துப் பரப்பைக் கூட்டுவதும் நடக்கும். ஆழம் கூட்டிப் பயனில்லை, இங்கே கணக்கு பரப்புக்குத்தான்.

களிமண் சைட்டில் இதற்கு மேலும் கலங்கல் நிற்கும். களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்னேற்றம் கொண்டவை, அதனால் கூடிப் படிவதில்லை. குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்து ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைத்தார்கள் நம் ஊரில், அந்தத் துகள்களை ஒட்டவைக்கும் வேலைதான் அது. சைட்டில் அதைச் செய்வது படிகாரம். கண்ணை மூடிக்கொண்டு மூட்டையைக் கொட்டக் கூடாது, அளவைச் சோதித்துப் பார்க்க வேண்டும்:

10 கிராம் படிகாரத் தூளை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களில் குழித் தண்ணீரை நிரப்பி, வரிசையாக 2, 4, 6, 8 மி.லி. கரைசலை சிரிஞ்சால் விடுங்கள். இது லிட்டருக்கு 20, 40, 60, 80 மி.கி. ஒரு நிமிடம் வேகமாகவும், பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேகத்துணுக்கு மாதிரி திரள்கள் உருவாகி மெல்ல இறங்குவதைக் காண்பீர்கள், அவற்றுக்கிடையே தண்ணீர் கண்ணாடியாகும். எந்தக் குறைந்த அளவில் தெளிகிறதோ அதுவே உங்கள் அளவு. 40 மி.கி. என்று வந்தால் 10,000 லிட்டர் தொட்டிக்கு 400 கிராம். மழைக்குப் பின் தண்ணீரின் தன்மை மாறும், மறுபடி சோதியுங்கள். படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கும், எனவே வெளியே விடும் முன், புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். தாளில் பாருங்கள். சிமென்ட் தண்ணீர் கலந்த தொட்டியில் படிகாரம் சரியாக வேலை செய்யாது. இரண்டையும் முதலிலிருந்தே பிரித்து வைக்க இதுவும் ஒரு காரணம்.

மணலி, எண்ணூர் பக்கம் பழைய தொழிற்சாலை நிலத்திலோ, சாம்பல் கொட்டி மேடாக்கிய மனையிலோ தோண்டினால், தண்ணீரின் மேல் வானவில் நிறப் படலமோ மண்ணெண்ணெய் வாடையோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மோட்டாரை நிறுத்துங்கள். படிவுத் தொட்டி அதைச் சரிசெய்யாது. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்தபின்தான் மேற்கொண்டு பேச்சு.

பைலிங், அதாவது ஆழத் துளையிட்டு கான்கிரீட் தூண் ஊற்றும் வேலை நடக்கும் சைட்டுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குழம்பைச் சுற்றவிட்டுத் துளையிடும் டிஎம்சி முறை பைலிங்கில், துளை சரியாமல் இருக்கச் சுற்றவிடும் பென்டோனைட் குழம்பு தானாகப் படியவே படியாது. அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட களிமண் அது. இதை வடிகாலில் விட்டால் அடியில் வழவழப்பான பிசின்போல ஒட்டிக்கொள்ளும். குழம்புக்குக் கரை கட்டிய தனித் தொட்டி, மறுசுழற்சி, வேலை முடிந்ததும் டேங்கர் லாரி என்பதை பைலிங் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கான்கிரீட் ஊற்றும்போது துளையிலிருந்து எதிர்த்து வரும் குழம்பின் அளவு, ஊற்றும் கான்கிரீட்டின் அளவுக்குச் சமம். தொட்டியில் அந்த அளவு காலியிடம் இருக்கிறதா என்று ஊற்றும் முன் பாருங்கள்.

சிமென்ட் தண்ணீர்

பார்வைக்குச் சேற்றைவிடச் சுத்தமாகத் தெரியும், ஆனால் தீங்கு அதிகம். கான்கிரீட் கழுவிய தண்ணீரின் பி.எச். 12க்கு மேல் போகும். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு என்பதால், நடுநிலையான 7ஐவிட இது லட்சம் மடங்கு காரம். மீனின் செவுளைப் பொசுக்கும். கழுவுகிற சித்தாளின் விரலிடுக்கையும் பொசுக்கும், கையுறையும் கம்பூட்டும் இல்லாமல் யாரையும் இந்த வேலையில் நிறுத்தாதீர்கள். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு நாட்டின் பொதுத் தரநிலை பி.எச். 5.5 முதல் 9 வரை, தண்ணீரில் கரையாமல் கலங்கி நிற்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மி.கி. வரை.

கழுவுகுழி இப்படி: 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம். உள்ளே 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட், ஒட்டுப் போடாத ஒரே துண்டு, விளிம்புக்கு வெளியே அரை மீட்டர் தொங்கட்டும். வடிகாலிலிருந்து 15 மீட்டர் தள்ளி, லாரி வந்து திரும்பும் இடத்தில், ஓட்டுநர் கண்ணில் படும் பலகையோடு. ரெடிமிக்ஸ் லாரியின் சரிவுத் தகட்டைக் கழுவ 40 லிட்டர் வரை போதும், 20 லாரிக்கு 800 லிட்டர். டிரம்மைக் கழுவுவது பிளான்ட்டுக்குத் திரும்பிய பிறகுதான் என்று சப்ளையரிடம் முன்பே பேசிவிடுங்கள். இந்தக் குழியில் 100 மி.மீ. மழை பெய்தால் 600 லிட்டர் சேரும், அதனால் மேலே தார்ப்பாய் கட்டாயம். முக்கால் நிறைந்ததும் நிறுத்துங்கள். மேலே நிற்கும் தண்ணீரை அடுத்த கழுவலுக்கே பயன்படுத்தலாம், மீதி வெயிலில் வற்றும். இறுகியதை உடைத்து இடிபாட்டுக் கழிவோடு அனுப்புங்கள். ஆசிட் ஊற்றி காரத்தை முறிக்க நினைக்க வேண்டாம், தெறித்தால் கண் போகும், அளவு தப்பினால் தண்ணீர் மறுகோடிக்குப் போய்விடும். சின்ன மனையென்றால் குழிக்குப் பதில் இரும்புத் தொட்டி ஒன்று போதும்.

கரணை, பாண்டு, கலவை போடும் மில்லர் மெஷின் கழுவுவதும் டைல்ஸ் வெட்டிய பால் தண்ணீரும் சுண்ணாம்பு, புட்டி, பெயின்ட் பிரஷ் கழுவியதும் இதே கணக்கில்தான் சேரும். பூச்சு வேலைக்காரர்கள் மாலையில் எங்கே கை கழுவுகிறார்கள் என்று ஒரு நாள் நின்று பாருங்கள், எங்கே தொட்டி வைக்க வேண்டும் என்பது அப்போது தெரியும்.

டீசல், கான்கிரீட் பலகையில் தடவும் ஷட்டரிங் ஆயில் டப்பாக்களைக் கூரைக்கு அடியில், விளிம்புள்ள தட்டில் வையுங்கள். தட்டின் கொள்ளளவு பெரிய டப்பாவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். சிந்தினால் உறிஞ்ச ஒரு மூட்டை மரத்தூள் பக்கத்திலேயே. தொழிலாளர் கழிப்பறை தாழ்ந்த மூலையில் வேண்டாம், மழையில் முதலில் முங்குவது அதுவாகத்தான் இருக்கும்.

தெரு வடிகால் வாய்

எல்லாத் தடுப்பையும் மீறி வருவதற்குக் கடைசித் தடுப்பு. 20 மி.மீ. ஜல்லி அரைப் பங்கு நிரப்பிய சாக்குகளை வாயைச் சுற்றி அரைவட்டமாக, இடைவெளியில்லாமல் படுக்கவையுங்கள். மணல் மூட்டை கூடாது, தண்ணீரையே நிறுத்திவிடும். ஒரு வரிசை உயரம் போதும், கனமழையில் தண்ணீர் மேலே ஏறி உள்ளே போக வழி இருக்க வேண்டும். தெருவில் தண்ணீர் தேங்கத் தொடங்கினால் முதலில் மூட்டைகளை எடுங்கள், மக்கள் வீட்டுக்குள் தண்ணீர் போவதைவிட எதுவும் பெரிதல்ல. வாயைச் சாக்கால் திணித்து அடைப்பது எந்த நிலையிலும் தவறு.

உங்கள் சைட் மண்ணால் வடிகால் அடைத்துவிட்டால், ஆளை உள்ளே இறக்காதீர்கள். மழைநீர் வடிகால் என்று பெயர் இருந்தாலும் பல இடங்களில் கழிவுநீர் கலந்திருக்கிறது, உள்ளே விஷவாயு இருக்கும். கழிவுநீர்த் தடங்களில் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லி, இயந்திரத்தால் எடுக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தினசரிச் சுற்று

ஒரு மழைமானி வாங்கி வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் திறந்த வெளியில் வையுங்கள். மீனம்பாக்கத்தில் பெய்தது மாதவரத்தில் பெய்யாது. 6 மி.மீ.க்கு மேல் பதிவானால் 24 மணி நேரத்துக்குள் முழுச் சுற்று: வேலி அடி, கேட் ஜல்லி, தொட்டி வண்டல், கழுவுகுழி ஷீட், தெரு வாய். மழையில்லாத வாரத்திலும் ஒரு முறை. மழை பெய்து கொண்டிருக்கும்போதே குடை பிடித்துக்கொண்டு கேட்டில் பத்து நிமிடம் நில்லுங்கள். வெளியேறும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, பின்னால் செய்தித்தாளை வையுங்கள். எழுத்து படிக்க முடியவில்லையென்றால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடல்ல, ஆனால் அந்த நிமிடமே தெரியும்.

ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்த நாளுக்கு முந்தின மாலை: தோண்டுவதையும் கான்கிரீட்டையும் தள்ளிப்போடுங்கள். தொட்டியில் தெளிந்த தண்ணீரை இறைத்து இடம் பண்ணுங்கள். தார்ப்பாய் ஓரங்களை மறுபடி அழுத்துங்கள். டீசலையும் சிமென்ட் மூட்டைகளையும் மேல்தளத்துக்கு ஏற்றுங்கள். தொழிலாளர் குடிசைகள் குழி விளிம்பிலோ சுவரோரத்திலோ இருந்தால் ஆட்களைக் கட்டி முடித்த தளத்துக்கு மாற்றுங்கள். இது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால். மழை விட்டபின் நிரம்பிய பேஸ்மென்ட்டை அவசரப்பட்டு இறைக்காதீர்கள். தெரு வடிகாலே நிறைந்து நிற்கும் நேரத்தில் உங்கள் தண்ணீர் அடுத்த வீட்டுக்குத்தான் போகும். நீர்மட்டம் இறங்கும்வரை பொறுத்து, மேல்தண்ணீரை மட்டும் மிதவை ஹோஸால் எடுங்கள்.

தொட்டியிலிருந்து அள்ளிய வண்டலை மேட்டுப் பக்கத்தில் தனியாகப் பரப்பிக் காயவையுங்கள். சுத்தமான மண்ணென்றால் பின்நிரப்புக்கு ஆகும். இடிபாடு, இறுகிய கான்கிரீட்டைக் கொடுங்கையூரிலுள்ள மாநகராட்சியின் கட்டடக் கழிவு மறுசுழற்சி மையத்துக்கு அனுப்பலாம். ஏரி ஓரத்திலோ கால்வாய்க் கரையிலோ இரவில் கொட்டிவிட்டு வரும் லாரிக்காரருக்கு வேலை கொடுக்காதீர்கள். புழல் ஏரி இந்த நகரம் குடிக்கும் தண்ணீர். ஒவ்வொரு நடைக்கும் இறக்கிய இடத்தின் ரசீதை வாங்கி, மழைமானி அளவு எழுதும் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை, அங்கே ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது பதிவேடுகளைத்தான். ஒற்றை கிரவுண்டு சைட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் எந்த மழைக்கு எந்த வேலி எங்கே அறுந்தது என்று எழுதிய அந்த நோட்டு அடுத்த சைட்டுக்கு நீங்கள் கையோடு கொண்டு போக வேண்டியது.